சுவாச நோய்த் தடுப்பூசி ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி, கக்குவான் இருமல் என்று எந்தச் சுவாசத் தொற்றை எடுத்துக்கொண்டாலும் அதன் தடுப்பூசி பற்றிப் புதிது புதிதாக ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன, கூடவே "ஆன்டிபாடி பத்து மடங்கு உயர்ந்தது" என்று ஒரு செய்தியும் "ஆறே மாதத்தில் பாதுகாப்பு போய்விடுகிறது" என்று இன்னொரு செய்தியும் வந்துவிடுகின்றன. இரண்டையும் படித்துவிட்டு எதை நம்புவது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூலக் கட்டுரையைத் திறந்து, எங்கே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நோய் வராமல் இருப்பதை நேரடியாக அளக்க ஆயிரக்கணக்கான பேரைப் பல மாதம் பின்தொடர வேண்டும். அதற்கு வசதியில்லாதபோது நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் ரத்தத்திலோ சளியிலோ ஏதோ ஒரு பொருளை அளக்கிறார்கள், அது பாதுகாப்போடு சேர்ந்து போகும் என்ற எதிர்பார்ப்பில். பல நேரம் அந்த எதிர்பார்ப்பு சரிதான், சில நேரம் மோசமாகத் தவறியும் இருக்கிறது. கட்டுரையைப் படிக்கும்போது நம் வேலை, அந்த அளவுக்கும் உண்மையான நோய்க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

ஆகவே சுருக்கத்தின் கடைசி வரியில் இருக்கும் முடிவைப் படித்துவிட்டு மூடாதீர்கள். நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள், பிறகு முதல் படத்துக்கு வாருங்கள்.

மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள்?

இதுதான் முதல் கேள்வி. சுவாச வைரஸ் முதலில் வந்து ஒட்டுவது மூக்கிலும் தொண்டையிலும். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் எடுக்கப்படுவது கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம். காரணம் எளிது: ரத்தம் எடுப்பது சுலபம், அளப்பது சுலபம், எல்லா ஆய்வகத்திலும் ஒரே மாதிரி செய்யலாம்.

மூக்கின் ஈரப்பரப்பில் முக்கியக் காவல் ஐஜிஏ வகை ஆன்டிபாடி. அதுவும் இரண்டிரண்டாக இணைந்து, மூக்கின் உட்பரப்புச் செல்கள் வழியே கடத்தப்பட்டு, சளியில் கலக்கும் சுரப்பு ஐஜிஏ. ரத்தத்தில் நிறைந்திருப்பது ஐஜிஜி. தசையில் போடும் ஊசி ரத்தத்து ஐஜிஜியை நன்றாக ஏற்றும், அது ரத்தக்குழாயிலிருந்து கசிந்து நுரையீரலின் ஆழத்தில் ஓரளவு போய்ச் சேரும், மூக்கில் குறைவாகவே சேரும். தசை ஊசிகள் பொதுவாக நிமோனியாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் நன்றாகத் தடுத்து, சாதாரண மூக்கடைப்பை அவ்வளவாகத் தடுக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். "தடுப்பூசி போட்டும் சளி பிடித்ததே" என்பதும் "தடுப்பூசி உயிரைக் காப்பாற்றியது" என்பதும் ஒரே ஊசியைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

மூக்கிலிருந்தே மாதிரி எடுத்திருந்தால் எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். உப்புநீரை விட்டுக் கழுவி எடுப்பது ஒரு முறை. இதில் எவ்வளவு நீர் திரும்பி வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே ஒருவருக்கு ஆன்டிபாடி குறைவாகத் தெரிவது வெறுமனே அதிகம் நீர்த்துப்போனதால்கூட இருக்கலாம். இதைச் சரிக்கட்ட, கிடைத்த எண்ணை மொத்தப் புரதத்தாலோ மொத்த ஐஜிஏவாலோ வகுத்துக் காட்டுவார்கள். அப்படிச் செய்ததாக எங்கும் எழுதவில்லை என்றால் அந்தப் படத்தை நான் பாதி நம்பிக்கையோடுதான் பார்ப்பேன். இன்னொரு முறை, உறிஞ்சும் தன்மையுள்ள மெல்லிய பட்டை ஒன்றை மூக்குத்துவாரத்தில் சிறிது நேரம் வைத்து எடுப்பது. இது நீர்க்காத மாதிரியைத் தரும், குழந்தைகளுக்கும் தொல்லை குறைவு.

டி செல்களிலும் (தொற்றிய செல்களை அடையாளம் கண்டு வேலை செய்யும் வெள்ளணுக்கள்) இதே பிரச்சினைதான். நுரையீரலிலும் மூக்கிலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் நினைவு டி செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, அவை ரத்தத்தில் சுற்றி வருவதே இல்லை. அவற்றைப் பார்க்க நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும், அல்லது அறுவைச் சிகிச்சையில் கிடைத்த திசு வேண்டும். ரத்தத்தில் டி செல் தெரியவில்லை என்பதை வைத்து நுரையீரலில் இல்லை என்று எழுதும் கட்டுரையை நம்பிவிடாதீர்கள்.

எந்தச் சோதனை?

"ஆன்டிபாடி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. எலைசா மாதிரியான சோதனைகள், ஆன்டிபாடி வைரஸின் புரதத்தில் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும். நடுநிலையாக்கல் சோதனை, ஒட்டிய ஆன்டிபாடி வைரஸை உண்மையிலேயே செல்லுக்குள் நுழைய விடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும். ஒட்டுவதெல்லாம் தடுப்பதில்லை.

இந்த இரண்டாவது சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கட்டுரைகளில் வரும் எண்கள் பயமுறுத்தாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒரு வரிசையில் முதல் குழியில் சீரத்தை (ரத்தத்திலிருந்து செல்களை நீக்கிய தெளிந்த திரவத்தை) 10இல் 1 பங்காக நீர்க்க வைப்பார்கள், அடுத்ததில் 20இல் 1, பிறகு 40, 80, 160, 320 என்று ஒவ்வொரு குழியிலும் இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போவார்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு வைரஸைச் சேர்த்துச் சிறிது நேரம் விட்டு, பிறகு உயிருள்ள செல்களின் மேல் ஊற்றி சில நாள் வைப்பார்கள். கடைசியில் ஊதாச் சாயம். செல்கள் பிழைத்த குழி ஊதாவாகப் பிடித்துக்கொள்ளும், வைரஸ் தின்றுவிட்ட குழி வெளிறிக் கிடக்கும். 160 வரை ஊதா, 320இல் வெளிறல் என்றால் அந்த நபரின் டைட்டர் 160. அவ்வளவுதான்.

இதிலிருந்தே சில விஷயங்கள் தெளிவாகிவிடும். இந்த முறையில் டைட்டர் என்பது படிக்கட்டு எண், நடுவில் 200 என்று ஒன்று கிடையாது. ஒரே ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தால் ஒரு படி மேலோ கீழோ வருவது சகஜம், ஆகவே "இரண்டு மடங்கு உயர்ந்தது" என்பது ஒரு தனி நபருக்கு ஒன்றுமே இல்லாததாக இருக்கலாம். நான்கு மடங்கு, அதாவது இரண்டு படி, உயர்ந்தால்தான் உண்மையான எழுச்சி என்று ஃப்ளூ ஆய்வுகளில் நீண்ட காலமாகக் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். சராசரியும் சாதாரணச் சராசரி கிடையாது, பெருக்கல் சராசரி. படத்தின் இடப்பக்க அச்சைக் கவனியுங்கள்: 10, 100, 1000 என்று போனால் அது மடக்கை அளவு, கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் இடைவெளி பத்து மடங்காக இருக்கும். சில செய்திப் படங்களில் அதே தரவைச் சாதாரண அச்சில் போட்டு, ஏதோ மலையிலிருந்து உருண்டு விழுந்தமாதிரி காட்டிவிடுகிறார்கள்.

ஒரு ஆய்வகத்தின் 160ஐ இன்னொரு ஆய்வகத்தின் 160ஓடு ஒப்பிடாதீர்கள். பயன்படுத்திய செல் வேறு, வைரஸ் வேறு, சில இடங்களில் உண்மையான வைரஸுக்குப் பதில், கோவிட் வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும் போர்த்திய போலி வைரஸ். கோவிட்டுக்கு இந்தக் குழப்பத்தைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு சர்வதேசத் தர மாதிரியை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு ஆய்வகமும் தன் எண்ணை அதோடு ஒப்பிட்டு சர்வதேச அலகில் சொல்லலாம். கட்டுரை அந்த அலகில் எழுதியிருந்தால் ஒப்பீடு ஓரளவு சாத்தியம், இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கும் குழுக்களை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்பதும் முக்கியம். எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிகளில் ஸ்பைக் புரதத்துக்கான குறிப்பு மட்டுமே உண்டு. ஆகவே அந்த ஊசி போட்டவரின் ரத்தத்தில் வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அவருக்குத் தொற்றும் வந்து போயிருக்கிறது என்று பொருள். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த ஊசிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவற்றில் அந்தப் புரதமும் இருக்கிறது.

டி செல் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, வைரஸ் புரதத்தின் சின்னத் துண்டுகளைக் கொடுத்து, எத்தனை செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன என்று எண்ணுவார்கள். எலிஸ்பாட் சோதனையில் ஒவ்வொரு சுரக்கும் செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும். ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்தார்கள், உறைய வைத்து உருக்கினார்களா என்பதெல்லாம் எண்ணை மாற்றும். நல்ல கட்டுரையில் இது எழுதியிருக்கும்.

அந்த எண் நோயோடு கட்டப்பட்டிருக்கிறதா?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் பெரும்பாலான தவறான செய்திகள் இங்கேதான் பிறக்கின்றன.

பாதுகாப்போடு நம்பகமாகச் சேர்ந்து போகும் அளவைப் பாதுகாப்புக் குறியீடு என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளூவில் மிகவும் பழகியது 1:40 என்ற டைட்டர், ரத்தச் சிவப்பணுக்களை வைரஸ் ஒட்டவைப்பதைச் சீரம் எவ்வளவு தூரம் தடுக்கிறது என்ற சோதனையில் வருவது. தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை வைத்து 1972இல் வெளியான கட்டுரையிலிருந்து இது பரவியது. ஆனால் 40 என்றால் பாதுகாப்பு, 39 என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை. அந்த அளவில் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அவ்வளவே. பெரியவர்களிடம் கிடைத்த எண் இது. சிறு குழந்தைகளுக்கு அதே பாதுகாப்பு கிடைக்க இன்னும் அதிக டைட்டர் வேண்டியிருக்கிறது.

நிமோகாக்கஸ் என்ற நிமோனியா பாக்டீரியாவுக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசிகளுக்கு மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் ஐஜிஜி என்று ஒரு எல்லை உண்டு. அது கிருமி ரத்தத்துக்குள் இறங்கும் கடுமையான நோய்க்காகக் கணக்கிடப்பட்டது. காது நோய்க்கும், மூக்கில் கிருமி ஒட்டியிருப்பதற்கும் அதே எண்ணைத் தூக்கிவைத்துப் பேசினால் தப்பாகிவிடும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் "எந்த நோய்க்கு, யாரிடம்" என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே வரும்.

குறியீடு ஒரு ஊசிக்குப் பொருந்தி அதே நோயின் இன்னொரு தடுப்பூசிக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. மூக்கில் தெளிக்கும் வீரியம் குறைத்த உயிருள்ள ஃப்ளூ தடுப்பு மருந்து குழந்தைகளின் ரத்த டைட்டரைப் பெரிதாக ஏற்றாமலேயே பாதுகாப்பு தந்திருக்கிறது. ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் வேலை செய்யவில்லை என்றே எழுதியிருப்பார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் காசநோயில். எம்விஏ85ஏ என்ற தடுப்பூசி டி செல்களைத் தூண்டும் என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன, எல்லோரும் நம்பிக்கையாக இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில், ஏற்கெனவே பிசிஜி போட்ட 2,797 கைக்குழந்தைகளிடம் நடந்த சோதனை 2013இல் வெளியானபோது, காசநோயைத் தடுக்கும் திறன் 17.3% என்று வந்தது, பிழை எல்லைக்குள் பூஜ்யமும் அடங்கியிருந்தது. எதிர்வினை இருந்தது, பாதுகாப்பு நிரூபணமாகவில்லை. "வலுவான டி செல் எதிர்வினை" என்ற சொற்றொடரை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும்.

குறியீடு வெறும் அடையாளமா, உண்மையான காரணமா என்று கண்டுபிடிக்க மிகச் சுத்தமான வழி, அந்தப் பொருளை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது. ஆர்எஸ்வியில் இது நடந்திருக்கிறது. நிர்செவிமாப் என்பது தடுப்பூசி இல்லை, ஆய்வகத்தில் தயாரித்த ஒரே வகை ஆன்டிபாடி, நீண்ட நாள் உடலில் தங்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. குழந்தையின் சொந்த நோயெதிர்ப்பு ஒன்றுமே செய்யாமல், ஒரு ஊசி அந்த நோய்ப் பருவம் முழுவதும் காப்பாற்றுகிறது. ஆகவே ஆர்எஸ்வியில் சரியான இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடி மட்டுமே போதும் என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்தத் தரத்தில் ஆதாரம் உள்ள நோய்கள் குறைவு.

எந்த நாளில் எடுத்த ரத்தம்?

தடுப்பூசி போட்ட பிறகு ஆன்டிபாடி சில வாரங்களில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இறங்குவது இயல்பு. முதல் அலையில் ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் பெரும்பகுதி சீக்கிரமே செத்துவிடும், ரத்தத்தில் மிதக்கும் ஐஜிஜியின் அரை ஆயுளும் ஏறக்குறைய 21 நாள்தான். அப்புறம் எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கும் நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்கள் தொடர்ந்து சுரக்க, கோடு ஒரு தாழ்வான மட்டத்தில் நின்று மெதுவாக நகரும். முதல் மூன்று மாதச் சரிவை ஸ்கேல் வைத்து நீட்டி "ஒரு வருடத்தில் பூஜ்யம்" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது கட்டத்தை மறந்துவிடுகிறார்கள். எத்தனை நேரப் புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டே புள்ளிகளை இணைத்தால் எப்போதும் நேர்க்கோடுதான் வரும்.

ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்கும்போதே நிணநீர் முடிச்சுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலி எல்லெபெடி குழு எம்ஆர்என்ஏ ஊசி போட்ட 14 பேரின் அக்குள் நிணநீர் முடிச்சில் மெல்லிய ஊசியால் மாதிரி எடுத்துப் பார்த்து, பி செல்களை (ஆன்டிபாடி சுரக்கும் செல்களாக மாறும் வெள்ளணுக்கள்) பயிற்றுவிக்கும் மையங்கள் குறைந்தது 12 வாரம் இயங்கிக்கொண்டிருந்ததை 2021இல் வெளியிட்டது. அந்தப் பயிற்சியில் தேறி வரும் பி செல்கள் வைரஸை முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும். எண்ணிக்கை குறைந்து தரம் கூடுவதை ஒரே ஒரு டைட்டர் கோடு காட்டாது. நினைவு பி செல்களைத் தனியாக அளந்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

நினைவு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு என்னை மிகவும் நெகிழவைத்த ஆதாரம் 1918 ஃப்ளூவைக் கடந்து வந்தவர்களுடையது. 1915இலோ அதற்கு முன்போ பிறந்த 32 பேரின் ரத்தத்தை ஏறக்குறைய 90 ஆண்டு கழித்துச் சோதித்தபோது அந்த வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் இன்னும் இருந்தன, சிலரிடம் அவற்றைச் சுரக்கும் பி செல்களையே பிடிக்க முடிந்தது. 2008இல் வெளியானது. 2003 சார்ஸிலிருந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் டி செல் நினைவு இருந்ததை சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள்.

இப்படி நினைவு இருந்தும் மறுபடி தொற்று ஏன் வருகிறது? வைரஸ் உருமாறுவது ஒரு காரணம். நேரம் இன்னொன்று: தூங்கும் நினைவுச் செல் விழித்துப் பெருகச் சில நாட்கள் வேண்டும், மூக்கில் வைரஸ் அதைவிட வேகமாகப் பெருகும். சளிக் கொரோனா வைரஸ் ஒன்றைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, ஒரு வருடம் கழித்து மறுபடியும் அதையே கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 1990இல் வெளியானது. முன்பு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடி தொற்றியது, ஆனால் யாருக்கும் சளி பிடிக்கவில்லை. தொற்றும் நோயும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது கடினம்.

ஒரு தடுப்பூசியின் 28ஆம் நாள் எண்ணையும் இன்னொன்றின் 180ஆம் நாள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த ஒப்பீட்டை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள்.

யாருடைய உடல்?

நாம் யாரும் வெற்றுப் பலகையோடு தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை. சிறுவயதில் முதன்முதலில் சந்தித்த ஃப்ளூ வகை, வாழ்நாள் முழுவதும் நம் எதிர்வினையைச் சாய்த்து வைக்கும் என்பதை அமெரிக்க ஃப்ளூ ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960இலேயே எழுதிவிட்டார். இதன் நிழலைப் பறவைக் காய்ச்சலில் பார்க்கலாம். எச்5என்1 கடுமையாகத் தாக்கியது பெரும்பாலும் இளையவர்களை, எச்7என்9 பெரும்பாலும் முதியவர்களை. 2016இல் வெளியான ஆய்வு இதைப் பிறந்த ஆண்டோடு பொருத்திக் காட்டியது: 1968க்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் சந்தித்த ஃப்ளூ, எச்5இன் உறவுக் கூட்டம். அதற்குப் பிறகு வந்த எச்3என்2, எச்7இன் உறவுக் கூட்டம்.

ஆகவே ஊசிக்கு முன்பே எடுத்த ரத்தம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் "ஊசிக்குப் பின் இவ்வளவு" என்று சொன்னால், அதில் எவ்வளவு ஊசியால் வந்தது, எவ்வளவு பழைய தொற்றால் ஏற்கெனவே இருந்தது என்று பிரிக்க வழியில்லை.

விலங்கு ஆய்வு என்றால் எந்த விலங்கு? ஆய்வக எலிகள் ஒரே மரபணு கொண்டவை, சுத்தமான கூண்டில் வளர்ந்தவை, எந்தச் சளியையும் பார்த்திராதவை. கோவிட்டின் முதல் வைரஸ் சாதாரண எலியைத் தொற்றவே இல்லை, வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் மனித ஏஸ்2 ஏற்பியைச் சேர்த்த எலிகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஃப்ளூவுக்கு ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கு நல்ல மாதிரி. 1933இல் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே அதன் உதவியால்தான். எலியில் நல்ல முடிவு வந்தால் அடுத்த படிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலன் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

ஃபைசர் கோவிட் தடுப்பூசியின் பெரிய சோதனையில் ஏறக்குறைய சம அளவிலான இரண்டு குழுக்கள். போலி ஊசி போட்ட பக்கத்தில் 162 பேருக்குக் கோவிட், தடுப்பூசிப் பக்கத்தில் 8 பேருக்கு. 8ஐ 162ஆல் வகுத்தால் சுமார் 0.05, ஒன்றிலிருந்து கழித்தால் 0.95. அதுதான் 95%. நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசி போடாதிருந்தால் வந்திருக்கக்கூடிய நோயில் 95% குறைந்தது என்று அர்த்தம். எதை நோய் என்று எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்: அறிகுறியோடு வந்து, சோதனையில் உறுதியானவர்கள் மட்டும். அறிகுறியில்லாத தொற்று அந்த எண்ணில் இல்லை.

கக்குவான் இருமலில் இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரிந்தது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், இப்போது பல நாடுகளில் போடப்படும் செல்லற்ற தடுப்பூசி (முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டும் கொண்டது) குரங்குகளை இருமலிலிருந்து காப்பாற்றியது, ஆனால் கிருமி தொண்டையில் குடியேறுவதையும் மற்றக் குரங்குகளுக்குப் பரவுவதையும் தடுக்கவில்லை. பிறந்த குழந்தைகளைக் காப்பாற்ற, சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போடுவதோடு நிறுத்தாமல் கர்ப்ப காலத்தில் தாய்க்கே போடுவதில் பலன் அதிகம் என்பதை இந்த ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

அடுத்து, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள் என்ற செய்தி. கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 1000 பேர், 900 பேர் ஊசி போட்டவர்கள். போடாத 100 பேரில் 20% பேர் படுக்கையில் விழுந்தால் 20 பேர். போட்டவர்களில் 4% மட்டும் விழுந்தாலும் 36 பேர். ஆஸ்பத்திரியில் 56 பேரில் 36 பேர் ஊசி போட்டவர்கள், ஆனாலும் ஊசி 80% வேலை செய்திருக்கிறது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கீழ் எண்ணைக் கேட்காமல் இந்த மாதிரிச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

சோதனையாக இல்லாமல் நடைமுறைத் தரவை அலசிய கட்டுரை என்றால், ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் மற்ற விஷயங்களில் ஒரே மாதிரி ஆட்களா என்று பாருங்கள். ஃப்ளூ ஊசி போட்ட முதியவர்கள் ஃப்ளூ இல்லாத மாதங்களிலும் குறைவாக இறந்ததாகக் காட்டிய தரவுகள் உண்டு. அது ஊசியின் பலனாக இருக்க முடியாது, நடமாட முடிந்தவர்கள்தான் ஊசிக்கு வந்தார்கள்.

எதிர்வினை அதிகமென்றால் நல்லதா?

எப்போதும் இல்லை, இதற்காகக் குழந்தைகள் விலை கொடுத்திருக்கிறார்கள். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஆன்டிபாடி வந்தது. ஆனால் பிறகு உண்மையான வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்டுத் தொற்றியவர்களில் சுமார் 80% பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் அது 5% தான். இரண்டு குழந்தைகள் இறந்தன. வந்த ஆன்டிபாடிகள் வைரஸின் புரதத்தில் ஒட்டின, தடுக்கவில்லை. டி செல் எதிர்வினையும் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சோகம் ஆர்எஸ்வி தடுப்பூசி ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. எஃப் என்ற அந்தப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் இருக்கும் வடிவத்தை ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் குழு 2013இல் கண்டறிந்து நிலைப்படுத்திய பிறகுதான் வழி திறந்தது. முதல் ஆர்எஸ்வி தடுப்பூசிகள் 2023இல் அனுமதி பெற்றன.

ஆகவே புதிய தடுப்பூசிக் கட்டுரையில் ஒட்டும் ஆன்டிபாடிக்கும் தடுக்கும் ஆன்டிபாடிக்கும் உள்ள விகிதத்தைக் கொடுத்திருக்கிறார்களா, டி செல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கோவிட் தடுப்பூசிகளின் ஆரம்பக் கட்டுரைகளில் இந்தப் படங்கள் இருந்ததற்கு அந்த ஆர்எஸ்வி வரலாறும் ஒரு காரணம்.

பழகிப் பார்க்க ஒரு ஜோடி

இதையெல்லாம் வைத்துப் பழக, 2022இல் வெளியான பிரிட்டிஷ் கோவிட் சவால் ஆய்வைத் திறந்து பாருங்கள். 18 முதல் 29 வயதுக்குள், ஊசியும் போடாத, முன்பு தொற்றும் வராத 36 தன்னார்வலர்கள், மூக்கில் ஒரு துளியளவு வைரஸ். பிறகு ரத்தத்தைச் சோதித்ததில் இரண்டு பேருக்கு ஆரம்பத்திலேயே ஆன்டிபாடி இருந்தது தெரிந்து, அவர்களைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள் (ஊசிக்கு முந்தைய ரத்தம் ஏன் வேண்டும் என்று மேலே சொன்னது இங்கே கண்முன் நிற்கிறது). மீதி 34 பேரில் 18 பேருக்குத் தொற்றியது. ஒரே வைரஸ், ஒரே அளவு, ஒரே வயது, பாதிப் பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஏன் என்று தேடியதுதான் 2024இல் வந்த தொடர் கட்டுரை. அதே ஆய்வில் 16 பேரின் மூக்கையும் ரத்தத்தையும் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். நீடித்த தொற்று வந்தவர்களுக்கு மூக்கில் நோயெதிர்ப்புச் செல்கள் தாமதமாக வந்து சேர்ந்தன, இன்டர்ஃபெரான் எதிர்வினை (வைரஸைக் கண்டதும் செல்கள் எழுப்பும் எச்சரிக்கை) மூக்கைவிட ரத்தத்தில் முந்தித் தெரிந்தது. வைரஸ் தலைகாட்டி உடனே மறைந்தவர்களுக்கு மூக்கிலேயே செல்கள் உடனடியாக வந்துவிட்டன. அழகான முடிவு, நான் திரும்பத் திரும்பப் படித்த கட்டுரை. ஆனால் அந்த "தலைகாட்டி மறைந்த" குழுவில் எத்தனை பேர் என்று படத்தின் அடிக்குறிப்பில் தேடுங்கள்: மூன்று பேர். எல்லோரும் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், வைரஸை முதன்முறை சந்தித்தவர்கள். இப்போது ஏறக்குறைய எல்லோரும் தொற்றையோ ஊசியையோ பார்த்துவிட்ட நிலையில் இந்த முடிவு அப்படியே பொருந்துமா என்ற கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.